மாங்க் கதாபாத்திரத்துக்கு என்னென்ன திறன்கள் எடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர ஆட்டத்தில் கவசம் போடாமல், கையையும் காலையும் நம்பிச் சண்டைக்குள் இறங்குபவர் மாங்க். ஆடிப் பார்க்கப் பலருக்கும் ஆசை உண்டு. கதாபாத்திரத் தாளை நிரப்ப உட்கார்ந்த பிறகுதான் திணறல் ஆரம்பிக்கிறது. எந்த ஸ்கோரை (கதாபாத்திரத்தின் அடிப்படை எண்) கூட்டுவது, எந்தத் துணைப்பிரிவை எடுப்பது, கி புள்ளிகளை (மாங்க்கின் சிறப்புத் திறன்களுக்குச் செலவாகும் சக்தி) எதில் செலவழிப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் வரும்.

இங்கே உள்ள பதில்கள் ஐந்தாம் பதிப்பை ஒட்டியவை. 2014 விதிகளும் 2024 திருத்தமும் இரண்டுமே இன்று மேசைகளில் புழங்குகின்றன. இரண்டும் வேறுபடும் இடங்களில் ஆண்டைக் குறிப்பிட்டிருக்கிறேன். இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டர் ஆடுபவர்களுக்கும் கடைசியை ஒட்டி ஒரு பதில் இருக்கிறது.

எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான். ஒரு திறன் என்ன செய்யும் என்று பார்ப்பதற்கு முன்னால், அது உங்களிடமிருந்து எதை வாங்கிக்கொள்கிறது என்று பாருங்கள். மாங்க்கிடம் நல்ல திறன்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் பாதி ஒரே போனஸ் ஆக்‌ஷனுக்கும் (ஒரு டர்னில் வழக்கமான செயலுக்கு மேல் கிடைக்கும் சிறு செயல்) ஒரே கி புள்ளிக்கும் அடித்துக்கொள்பவை என்பதுதான் சிக்கல்.

ஆறு ஸ்கோர்களில் எதற்கு முதலிடம்?

டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்பு, சுருக்கமாக டெக்ஸ்). அடுத்தது விஸ்டம் (விவேகம்), மூன்றாவது கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி, சுருக்கமாக கான்). மற்ற மூன்றையும் தயங்காமல் கீழே விடலாம்.

குத்து படுமா, பட்டால் எவ்வளவு வலிக்கும் என்ற இரண்டையும் டெக்ஸ்தான் முடிவுசெய்கிறது. மாங்க்கின் ஏசி, அதாவது எதிராளி உங்கள் மேல் அடி விழவைக்க எட்டவேண்டிய எண், 10 + டெக்ஸ் + விஸ்டம். இங்கே சேர்வது ஸ்கோர் அல்ல, அது தரும் கூட்டல் எண், 16க்கு +3. இரண்டும் 16 என்றால் 10 + 3 + 3 = 16. செயின் மெயில் போட்ட ஃபைட்டருக்கும் அதே 16தான். ஒரு கிலோ இரும்பைக்கூடச் சுமக்காமல் அந்த எண்ணை எட்டுகிறீர்கள்.

விஸ்டத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் (பட்ட எதிராளியைச் சிறிது நேரம் முடக்கும் அடி) போன்ற திறன்களை எதிராளி தாங்கிக்கொள்ள உருட்டவேண்டிய எண் 8 + புரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோடு ஏறும் தேர்ச்சி எண்) + விஸ்டம். ஆக, விஸ்டம் ஏறினால் உங்கள் தற்காப்பும் ஏறும், எதிராளியை முடக்கும் வாய்ப்பும் ஏறும்.

கான் 14 கட்டாயமா? 10 வைத்துக்கொண்டு வேறு எதையாவது கூட்டலாமா?

14 வையுங்கள். மாங்க்கின் ஹிட் டை, அதாவது உயிர்ப்புள்ளியை முடிவுசெய்யும் பகடை, டி8: எட்டுப் பக்கம். ஆனால் நிற்பதோ டி10 வைத்திருக்கும் ஃபைட்டருக்குப் பக்கத்தில், முன்வரிசையில். லெவல் 5இல், சராசரிக் கணக்குப்படி, கான் 14 உள்ள மாங்க்குக்கு 38 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி). கான் 10 என்றால் 28. அதே லெவலில் கான் 14 உள்ள ஃபைட்டருக்கு 44. முப்பத்தெட்டோடு முன்வரிசையில் நிற்கலாம், யோசித்து நிற்கவேண்டும். இருபத்தெட்டோடு நின்றால் குழுவில் குணப்படுத்தும் கிளெரிக் ஒவ்வொரு டர்னையும் உங்களை எழுப்புவதிலேயே கழிப்பார்.

பாயிண்ட் பை முறையில் (புள்ளி கொடுத்து ஸ்கோர் வாங்குவது) எப்படிப் பிரிப்பது?

27 புள்ளிகளில் இந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்தது: டெக்ஸ் 15, விஸ்டம் 15, கான் 14. இதற்கு 9 + 9 + 7 = 25 புள்ளி போய்விடும். மிச்சம் 2 புள்ளியில் ஸ்ட்ரெங்த்தை 10 ஆக்கலாம். இன்டெலிஜென்ஸும் கரிஸ்மாவும் 8.

2024 விதிகளில் கூடுதல் எண்கள் பின்னணியிலிருந்து வருகின்றன. கைடு பின்னணி டெக்ஸ், கான், விஸ்டம் மூன்றையும் தொடுகிறது, மாங்க்குக்கென்றே அமைந்த மாதிரி. டெக்ஸுக்கு 2, விஸ்டத்துக்கு 1 கொடுத்தால் டெக்ஸ் 17, விஸ்டம் 16. செய்லர், ஸ்க்ரைப், வேஃபேரர் மூன்றிலும் டெக்ஸும் விஸ்டமும் இருக்கின்றன, கான் இல்லை. இந்தப் பிரிப்பில் கான் ஏற்கனவே 14 என்பதால் அது ஒரு குறையே அல்ல. 2014 விதிகளில் கூடுதல் எண்கள் இனத்தைப் பொறுத்தவை. வுட் எல்ஃப் டெக்ஸுக்கு 2, விஸ்டத்துக்கு 1 தருவதோடு வேகத்தையும் 35 அடி ஆக்குகிறது. அங்கே பல மாங்க்குகள் வுட் எல்ஃபாகப் பிறப்பதற்குக் காரணம் இதுதான்.

ஸ்டாண்டர்ட் அரே (முன்பே நிர்ணயித்த எண்களின் பட்டியல்) என்றால் டெக்ஸ் 15, விஸ்டம் 14, கான் 13. கைடு பின்னணியில் மூன்றுக்கும் ஒவ்வொன்று கூட்டினால் 16, 15, 14.

17 ஒற்றைப்படை ஆயிற்றே, வீண்தானே?

இப்போதைக்கு 16க்கும் 17க்கும் வித்தியாசம் இல்லை, இரண்டுக்கும் +3தான். லெவல் 4 வரும்போது கணக்கு மாறும். 2024இல் பொதுப் பிரிவு ஃபீட்கள் (தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறன்கள்) ஏதாவது ஒரு ஸ்கோரை ஒன்று கூட்டித் தருகின்றன. டெக்ஸைக் கூட்டும் ஃபீட் ஒன்றை எடுத்தால் 17 என்பது 18 ஆகி +4 கிடைக்கும், கையில் ஒரு ஃபீட்டும் இருக்கும். 16இல் தொடங்கியவர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

மாங்க்குக்கு மட்டும் ஏன் இத்தனை ஸ்கோர் தேவைப்படுகிறது?

இது பழைய பிரச்சினை. மாங்க் முதலில் வந்தது 1975இல், பிளாக்மூர் என்ற துணைநூலில். 1978இன் அட்வான்ஸ்டு டி&டி விதிகளின்படி மாங்க் ஆகவே ஸ்ட்ரெங்த் 15, டெக்ஸ் 15, விஸ்டம் 15, கான் 11 இருக்கவேண்டும். மூன்று டி6 உருட்டி 15 அல்லது அதற்கு மேல் விழ 216இல் 20 வாய்ப்புதான், அது மூன்று முறை விழவேண்டும். அப்படி விழுந்தாலும், முதல் லெவலில் கிடைப்பது இரண்டு நாலுபக்கப் பகடை ஹிட் பாயிண்ட். உயர்ந்த லெவல்களில் அந்தப் படியில் ஏற்கனவே இருக்கும் மாங்க்கைத் தோற்கடித்தால்தான் அடுத்த படி.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு நுழைவு நிபந்தனையை நீக்கியது, தேவையை நீக்கவில்லை. குத்துக்கு ஸ்ட்ரெங்த், ஏசிக்கு டெக்ஸும் விஸ்டமும், உயிருக்கு கான் என்று நான்கு ஸ்கோர்களும் அப்போதும் வேண்டியிருந்தன. குத்தும் டெக்ஸுக்கு மாறிய பிறகுதான் நான்கு மூன்றாகக் குறைந்தது. அதனால், இன்று ஸ்ட்ரெங்த்தில் நல்ல எண் ஒன்றைப் போட்டு வீணாக்குவது, விதிகளே இறக்கிவைத்த சுமையை நாமே மறுபடி தூக்கிக்கொள்வதுதான்.

லெவல் 1இல் மாங்க் பலவீனமாக இருக்கிறாரே?

2014இல் ஆமாம். குத்து வெறும் டி4, கி லெவல் 2இல்தான் வருகிறது. அதுவரை குவார்ட்டர்ஸ்டாஃபை இரண்டு கையாலும் பிடியுங்கள், டி8 கிடைக்கும். வெறுங்கைத் தாக்குதல் என்பதில் உதையும் முட்டியும் அடங்கும் என்பதால் கை நிறைய தடி இருந்தாலும் போனஸ் ஆக்‌ஷனில் உதைக்கலாம். 2024இல் குத்து டி6இலிருந்து தொடங்குகிறது, லெவல் 5இல் டி8, 11இல் டி10, 17இல் டி12. முதல் லெவலின் தவிப்பு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

கி புள்ளிகளை எதில் செலவழிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கி புள்ளிகளின் எண்ணிக்கை உங்கள் மாங்க் லெவல்தான். லெவல் 5இல் 5 புள்ளி. 2024 விதிகளில் இதற்கு ஃபோகஸ் என்று பெயர். ஒரு ஷார்ட் ரெஸ்ட் (கதைக்குள் ஒரு மணி நேர ஓய்வு) எடுத்தால் முழுதும் திரும்பிவிடும்.

இப்போது 2014 மாங்க் ஒருவர் லெவல் 5இல் முழு வேகத்தில் ஆடும் ஒரு டர்னைப் பாருங்கள். இரண்டு தாக்குதல், ஃப்ளரி ஆஃப் ப்ளோஸுக்கு 1 கி, அதில் இன்னும் இரண்டு குத்து. நான்கும் பட்டு, நான்கிலும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் முயன்றால் இன்னும் 4 கி. ஒரே டர்னில் கையிருப்பு காலி. அடுத்த ரவுண்டிலிருந்து அவர் கூடுதல் உதை ஒன்று வைத்திருக்கும் சாதாரண ஆள். மாங்க் சொதப்புகிறார் என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் விசாரித்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான் வெளிவரும்.

நான் சொல்லும் முறை இது. சண்டை தொடங்கியதும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே எந்த ஒருத்தர் செயல்படாமல் போனால் நம் பக்கம் ஜெயிக்கும்? அப்படி ஒருத்தர் இருந்தால், கி முழுதும் அவருக்கு. அவரை அடைய ஓடுவதற்கு, அவரை முடக்குவதற்கு. அப்படி யாரும் இல்லை, பத்து கோப்ளின்கள்தான் என்றால், கியைத் தொடவே வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் போனஸ் குத்தே போதும்.

ஃப்ளரியை எல்லோரும் முதலில் எடுக்கிறார்கள், அது கண்ணுக்குத் தெரியும் சேதம் என்பதால். 2014இல் அதன் உண்மையான லாபத்தைப் பாருங்கள். போனஸ் ஆக்‌ஷனில் ஒரு குத்து எப்படியும் இலவசம். 1 கி கொடுத்து நீங்கள் வாங்குவது இன்னும் ஒரே ஒரு குத்து. டெக்ஸ் 18 என்றால் சராசரியாக 7.5 சேதம், அதுவும் பட்டால். அதே 1 கியில் பேஷன்ட் டிஃபென்ஸ் எடுத்தால் அந்த ரவுண்ட் முழுக்க உங்களை நோக்கி வரும் எல்லாத் தாக்குதலும் டிஸ்அட்வான்டேஜில் (இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுப்பது) வரும். மூன்று பேர் சூழ்ந்து நிற்கும்போது இரண்டாவதுதான் பெரிது.

2024 திருத்தம் இந்த இடத்தில் மாங்க்குக்கு நிறைய நல்லது செய்திருக்கிறது. டேஷும் (இரட்டிப்புத் தூர ஓட்டம்) டிஸ்எங்கேஜும் (அடி வாங்காமல் விலகுவது) போனஸ் ஆக்‌ஷனில் இலவசம் ஆகிவிட்டன. லெவல் 2 மாங்க்கின் வேகம் 40 அடி. புள்ளி எதுவும் செலவழிக்காமல் ஒரு டர்னில் 80 அடி ஓடி, இறுதியில் ஆக்‌ஷனையும் வைத்திருக்கலாம். அதோடு நாளுக்கு ஒருமுறை, சண்டையில் யார் முதல் என்று இனிஷியேட்டிவ் உருட்டும்போது எல்லா ஃபோகஸும் திரும்பக் கிடைக்கிறது, கொஞ்சம் ஹிட் பாயிண்ட்டும் சேர்ந்து.

ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் அவ்வளவு பலமானதா?

யார்மேல் என்பதைப் பொறுத்தது. எதிராளி கான் சேவிங் த்ரோ (தாங்கிக்கொள்வதற்கான உருட்டு) உருட்டவேண்டும். லெவல் 5, விஸ்டம் 16 என்றால் எட்டவேண்டிய எண் 14. 2014 அரக்கர் கையேட்டின் எண்களை எடுத்துக்கொண்டால், மேஜ் என்ற மந்திரவாதிக்குக் கானில் கூடுதல் ஒன்றும் இல்லை. 65 சதவீதம் அவர் முடங்குவார். ஓகருக்கு +3, சரிபாதி வாய்ப்பு. யங் ரெட் டிராகனுக்கு +9, உங்களுக்கு 20 சதவீதம்தான்.

ஆகவே பெரிய உருவத்தைக் கண்டதும் கியைக் கொட்டாதீர்கள். பின்வரிசையில் நிற்கும் ஒல்லியான மந்திரவாதிதான் உங்கள் ஆள். மற்றவர்கள் அங்கே போய்ச்சேர மூன்று ரவுண்ட் ஆகும், உங்களுக்கு ஒன்று போதும்.

2024இல் இதை டர்னுக்கு ஒருமுறைதான் முயலலாம், முடக்கமும் உங்கள் அடுத்த டர்னின் தொடக்கத்தோடு முடிந்துவிடும். ஆனால் எதிராளி தாங்கிக்கொண்டாலும் அவர் வேகம் பாதியாகும், அவர்மேல் வரும் அடுத்த தாக்குதலுக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது). புள்ளி முற்றிலும் வீணாவதில்லை. எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. பழைய முறையில் ஒரே டர்னில் நான்கு முறை முயன்று, டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) மாதக்கணக்கில் யோசித்து வைத்த வில்லனை முடக்கிவிட முடிந்தது, மேசையில் யாருக்கும் அது நிறைவாக இருப்பதில்லை.

போனஸ் ஆக்‌ஷன் மோதல் என்கிறார்களே, அது என்ன?

ஒரு டர்னுக்கு ஒரு போனஸ் ஆக்‌ஷன்தான். மாங்க்கின் இலவசக் குத்து, ஃப்ளரி, தற்காப்பு, ஓட்டம் எல்லாமே அதைத்தான் கேட்கின்றன. இந்த நிலையில் போனஸ் ஆக்‌ஷன் கேட்கும் இன்னொரு ஃபீட்டையோ மந்திரத்தையோ எடுத்தால், ஏற்கனவே நாலு பேர் ஏறிய ஸ்கூட்டரில் ஐந்தாவது ஆளை ஏற்றுகிறீர்கள். போல்ஆர்ம் மாஸ்டர் நல்ல ஃபீட், மாங்க்குக்கு அல்ல. ரேஞ்சரின் ஹன்டர்ஸ் மார்க்கும் அப்படியே.

ரியாக்‌ஷனுக்கும், அதாவது அடுத்தவர் செயலுக்கு ரவுண்டுக்கு ஒருமுறை தரும் பதில் செயலுக்கும், இதே கணக்குதான். லெவல் 3இல் 2014 மாங்க்குக்கு டிஃப்ளெக்ட் மிசைல்ஸ் வருகிறது: பறந்துவரும் அம்பின் சேதத்தில் டி10 + டெக்ஸ் + லெவல் கழியும். டெக்ஸ் 16 என்றால் சராசரி 11.5, சாதாரண அம்பு ஒன்றுமில்லாமல் போகும். 2024இல் அதே திறன் வாள்வெட்டையும் கதாயுத அடியையும்கூடத் தடுக்கிறது. இதனால் 2024 மாங்க்கின் ரியாக்‌ஷன் கிட்டத்தட்ட ஒவ்வொரு ரவுண்டும் செலவாகிவிடும். ரியாக்‌ஷன் கேட்கும் ஃபீட்களை அங்கே தொடவேண்டாம்.

போனஸ் ஆக்‌ஷனும் கேட்காமல், ரியாக்‌ஷனும் கேட்காமல், கியும் கேட்காமல் ஒரு திறன் கிடைத்தால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

அப்படியானால் எந்த ஃபீட்கள் பொருந்தும்?

2024இல் என் முதல் தேர்வு கிராப்ளர். டெக்ஸை ஒன்று கூட்டும். குத்துப் படும்போதே, டர்னுக்கு ஒருமுறை, சேதத்தோடு எதிராளியைப் பிடித்தும்கொள்ளலாம். பிடித்தவர்மேல் உங்கள் தாக்குதல்களுக்கு அட்வான்டேஜ். அவரை இழுத்துக்கொண்டு நடந்தாலும், உங்கள் அளவோ அதற்குக் கீழோ என்றால் வேகம் குறையாது. வேகமான மாங்க் ஒருவர் மந்திரவாதியைப் பிடித்து ஃபைட்டரின் காலடியில் கொண்டுவந்து போடுவது எந்த மேசையிலும் நினைவில் நிற்கும் காட்சி. 2024 மாங்க் பிடிக்கும்போது ஸ்ட்ரெங்த்துக்குப் பதில் டெக்ஸைப் பயன்படுத்தலாம் என்பதால்தான் இது நடக்கிறது. 2014இல் பிடிப்பதற்கு அத்லெடிக்ஸ் உருட்டவேண்டும், அது ஸ்ட்ரெங்த்தில் நிற்கிறது. அங்கே இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

2014இல் மொபைல். வேகம் 10 அடி கூடும், நீங்கள் தாக்க முயன்ற ஆள் நீங்கள் விலகும்போது ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகுபவர்மேல் வைக்கும் கூடுதல் அடி) செய்ய முடியாது. கி செலவில்லாமல் குத்திவிட்டு நகர்ந்துவிடலாம்.

2024 செய்லர் பின்னணியோடு வரும் டேவர்ன் ப்ராலரும் நல்லது: குத்தின் சேதப் பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம், டர்னுக்கு ஒருமுறை எதிராளியை 5 அடி தள்ளலாம். தள்ளிவிட்டால் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் இல்லாமல் விலகிப்போகவும் வழி கிடைக்கும்.

ஃபீட் எதுவும் பிடிக்கவில்லையா? டெக்ஸை 20க்குக் கொண்டுபோங்கள், பிறகு விஸ்டத்தை.

துணைப்பிரிவுகளில் எதை எடுப்பது?

புதியவர்களுக்கு ஓப்பன் ஹேண்ட். ஃப்ளரியில் படும் ஒவ்வொரு குத்தும் எதிராளியைக் கீழே விழவைக்கலாம், 15 அடி தள்ளலாம், அல்லது அவர் ரியாக்‌ஷனில் திருப்பி அடிப்பதைத் தடுக்கலாம். இதற்குத் தனியாகக் கி கிடையாது. ஏற்கனவே செலவழித்த ஒரு புள்ளி இரண்டு வேலை செய்கிறது.

ஷாடோ, திருட்டுத்தனமாக நுழையும் கதைகளுக்கு. லெவல் 6இல் ஒரு நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்கு 60 அடி தாவலாம், கி இல்லாமல். பகல் வெளிச்சத்தில் பாலைவனத்தில் நடக்கும் கதை என்றால் எடுக்கவேண்டாம்.

மெர்சி, குழுவில் குணப்படுத்த ஆள் இல்லாதபோது. ஃப்ளரியின் ஒரு குத்துக்குப் பதில் ஒரு தோழரைத் தொட்டுக் குணப்படுத்தலாம். குணமாகும் அளவிலும் விஸ்டம் சேர்கிறது.

ஃபோர் எலிமென்ட்ஸ் 2014இல் எல்லோரையும் கவர்ந்து, எடுத்தவர்களை ஏமாற்றிய பிரிவு. பர்னிங் ஹேண்ட்ஸுக்கு 2 கி, லெவல் 11இல் ஃபயர்பாலுக்கு 4 கி. அந்தச் செலவில் ஒரு சண்டைக்கு இரண்டு வாணவேடிக்கைதான் காட்ட முடியும். நெருப்பும் காற்றும் வேண்டும் என்றால் 2024 பதிப்பை எடுங்கள். ஒரே ஃபோகஸில் 10 நிமிடம், குத்து எட்டும் தூரம் 10 அடி கூடும்.

சிலம்பம் அல்லது வர்மம் தெரிந்த ஆளாக என் கதாபாத்திரத்தை அமைக்க முடியுமா?

தாராளமாக. புதிய விதி எதுவும் எழுதத் தேவையில்லை. குவார்ட்டர்ஸ்டாஃப் இரண்டு பதிப்பிலும் மாங்க் ஆயுதம்தான். தடியைச் சுற்றிக்கொண்டே உதைப்பதும் மேலே சொன்ன மாதிரி விதிக்குள் வருகிறது. 2024இல் தடிக்கு எதிராளியைச் சாய்க்கும் வெப்பன் மாஸ்டரி உண்டு, ஆனால் மாங்க்குக்கு அந்த வசதி தானாகக் கிடைக்காது. வேண்டுமென்றால் லெவல் 4இல் வெப்பன் மாஸ்டர் ஃபீட் எடுக்கவேண்டும்.

வர்ம ஆசானுக்கு மெர்சி அழகாகப் பொருந்துகிறது. கன்னியாகுமரிப் பக்கம் வர்மம் தெரிந்த ஆசான்கள் அடிமுறையும் சொல்லித்தருவார்கள், வர்ம வைத்தியமும் பார்ப்பார்கள். எந்த இடத்தில் தட்டினால் ஆள் விழுவான் என்று தெரிந்தவருக்கு அவனை எழுப்பவும் தெரியும். மெர்சி மாங்க்கின் ஒரே கையில் குணப்படுத்தலும் கூடுதல் சேதமும் இருக்கின்றன. ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கை வர்ம அடியாக விவரித்தால் மேசையில் யாருக்கும் கேள்வி எழாது.

சுருள்வாள் கொஞ்சம் கடினம். விதிகளில் அதற்கு அருகில் வருவது விப், அது இரண்டு பதிப்பிலும் மாங்க் ஆயுதப் பட்டியலில் இல்லை. 2014 விதிகளோடு ஆடினால் கென்செய் துணைப்பிரிவு அதற்கு வழி தருகிறது.

கவசம் போடலாமா? கேடயம்?

வேண்டாம். போட்டதும் ஏசி கணக்கு, டெக்ஸில் குத்துவது, போனஸ் குத்து, கூடுதல் வேகம் எல்லாம் போய்விடும்.

ஸ்கில்கள்?

அக்ரோபாட்டிக்ஸ், ஸ்டெல்த், இன்சைட் மூன்றில் இரண்டு. பர்செப்ஷன் மாங்க் பட்டியலில் இல்லை, அதைப் பின்னணியிலிருந்து வாங்குங்கள். செய்லரிலும் ஸ்க்ரைபிலும் இருக்கிறது. விஸ்டம் 16 வைத்துக்கொண்டு பர்செப்ஷன் எடுக்காமல் விடுவது வீண்.

மல்டிகிளாஸ் (இன்னொரு வகுப்பிலும் லெவல் எடுப்பது) செய்யலாமா?

டெக்ஸும் விஸ்டமும் 13 இருந்தால் விதி அனுமதிக்கும். நான் பரிந்துரைப்பதில்லை. வேறு வகுப்பில் எடுக்கும் ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு கி புள்ளி குறையும், குத்துப் பகடையும் வேகமும் தள்ளிப்போகும்.

அடிக்கடி கேட்கப்படும் இரண்டு கலவைகள் மட்டும். ரோக்: ஸ்னீக் அட்டாக்குக்கு ஃபினஸ் (டெக்ஸில் வீசக்கூடிய) ஆயுதம் வேண்டும், வெறுங்கை சேராது, ஷார்ட்ஸ்வார்டு எடுக்கவேண்டிவரும். பார்பேரியன்: ரேஜின் கூடுதல் சேதம் ஸ்ட்ரெங்த் தாக்குதலுக்குத்தான், இரண்டு வகுப்பின் கவசமில்லாத் தற்காப்பும் ஒன்றோடொன்று சேராது.

மாங்க் ஆகாமல் வெறுங்கைச் சண்டைக்காரர் ஆக முடியுமா?

முடியும், சிலருக்கு அதுதான் சரி. மல்லர், தெருச் சண்டைக்காரர், பயில்வான் மாதிரி ஆள் வேண்டும் என்றால் அன்ஆர்ம்டு ஃபைட்டிங் பாணி எடுத்த ஃபைட்டரைப் பாருங்கள். குத்து டி6 + ஸ்ட்ரெங்த். கையில் ஆயுதமும் கேடயமும் இல்லை என்றால் டி8. பிடித்துவைத்திருக்கும் ஆளுக்கு உங்கள் ஒவ்வொரு டர்னின் தொடக்கத்திலும் டி4 சேதம். மேலே பிளேட் கவசமும் போட்டுக்கொள்ளலாம், ஏசி 18. ஸ்ட்ரெங்த்தும் கானும் போதும், விஸ்டம் தேவையில்லை. கைப்பிடிக்குள் வந்தவரை விடாத ஆள் இவர். மாங்க் அப்படி ஒரே இடத்தில் நிற்பவர் அல்ல.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் எப்படி?

2019இல் வந்த அந்த விதிகளில் மாங்க் இன்னும் உறுதியானவர், லெவலுக்கு 10 ஹிட் பாயிண்ட். முதன்மை ஸ்கோர் ஸ்ட்ரெங்த்தா டெக்ஸா என்று நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். ஒன்றை மறக்கவேண்டாம்: அங்கே டெக்ஸ், ஃபினஸ் உள்ள தாக்குதல் படுவதற்கு மட்டும் உதவும், சேதத்துக்கு ஸ்ட்ரெங்த்தான். டி&டியிலிருந்து வருபவர்கள் ஸ்ட்ரெங்த்தை அடியோடு விட்டுவிட்டு, குத்து ஏன் வலிக்கவில்லை என்று கேட்பார்கள்.

லெவல் 1இல் ஸ்டான்ஸ் (சண்டை நிலை) ஒன்றை எடுப்பதுதான் பெரிய முடிவு. டிராகன் ஸ்டான்ஸ் டி10 உதை, ஸ்ட்ரெங்த் ஆளுக்கு. டைகர், வுல்ஃப் இரண்டும் டி8, டெக்ஸ் ஆளுக்கு. கிரேன் டி6தான், ஏசி ஒன்று கூடும். மவுண்டன் ஸ்டான்ஸ் ஏசிக்கு 4 தருகிறது, ஆனால் டெக்ஸை ஏசியில் சேர்க்க விடாது. டெக்ஸே இல்லாத ஸ்ட்ரெங்த் மாங்க்குக்கு அது வரம். ஸ்டான்ஸுக்குள் போக ஒரு ஆக்‌ஷன் செலவு என்பதையும் கணக்கில் வையுங்கள். ஃப்ளரி அங்கே ஒரு ஆக்‌ஷனில் இரண்டு தாக்குதல், புள்ளிச் செலவு இல்லை. மூன்றில் இரண்டு ஆக்‌ஷன் மிச்சம் இருக்கும். ஒன்றில் நகரலாம், இன்னொன்றில் எதிராளியைச் சாய்க்கலாம்.

ஆட்டம் தொடங்கும் முன் டிஎம்மிடம் என்ன கேட்டுக்கொள்வது?

எந்த ஆண்டு விதிகள், ஸ்கோர்கள் பகடையா பாயிண்ட் பையா என்ற இரண்டும் எல்லோரும் கேட்பவை. மாங்க் ஆடுபவர் இன்னொன்றையும் கேட்கவேண்டும்: ஒரு நாளில் ஷார்ட் ரெஸ்ட் எத்தனை முறை கிடைக்கும்?

நாளுக்கு இரண்டு ரெஸ்ட் கொடுக்கும் மேசையில் லெவல் 5 மாங்க்குக்கு, 2014 கணக்குப்படி, மொத்தம் 15 கி, துணிந்து செலவழிக்கலாம். ஷார்ட் ரெஸ்ட்டே எடுக்காமல் நாளுக்கு ஒரே பெரிய சண்டை என்று ஓடும் மேசையில் அதே ஆளுக்கு 5 தான். இரண்டாவது வகை மேசை என்றால் எலிமென்ட்ஸ் பக்கம் போகாமல் ஓப்பன் ஹேண்டோடு நில்லுங்கள். 2014 விதிகள் என்றால் மொபைலை லெவல் 4இலேயே எடுத்துவிடுங்கள். குழுவில் வார்லாக் ஆடுபவர் இருந்தால் அவரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருடைய மந்திர ஸ்லாட்டுகளும் ஷார்ட் ரெஸ்ட்டில்தான் திரும்புகின்றன. இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் டிஎம் ஒரு மணி நேரம் உட்கார இடம் கொடுப்பார்.